'மறந்து' என்னும் வினையெச்சம்: அமைச்சர் எஸ். ராஜரத்தினமும் நம் பற்றுறுதியும்



தமிழ்மொழிக்கென அமைந்த இச்சொற்பொழிவு வரிசையில் எஸ். ராஜரத்தினம் அவர்களைப் பற்றிப் பேச நாம் எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் தமிழில் எழுதி அறியப்பட்டவர் அல்லர். அவருடைய சிறுகதைகள், நாளேட்டுக் கட்டுரைகள், வானொலி நாடகங்கள், அரசியல் உரைகள் யாவும் ஆங்கிலத்தில் உருவானவை. தமிழ்ச் சங்கங்களின் மேடைகளில் தம் இனத்தின் தலைவராக அவர் தம்மை முன்னிறுத்திக்கொண்டதும் இல்லை. தம்மை இந்தியர் என்றோ இலங்கைத் தமிழர் என்றோ பிறர் வகைப்படுத்துவதை விரும்பாமல், சிங்கப்பூரர் என்ற ஒரே அடையாளத்தை வற்புறுத்தியவர் அவர். அத்தகையவரைத் தமிழ்மொழி மேடைக்கு அழைத்து வருவது முறைதானா? முறை என்றே நாம் கருதுகிறோம். நம் பள்ளிகளில் தமிழ் மாணவர்கள் தம் மொழியில் சொல்லும் தேசியப் பற்றுறுதியில் ஒரு சிறிய சொல் இருக்கிறது. அச்சொல் ராஜரத்தினத்தின் வாழ்க்கையோடு பிணைந்தது. அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைச் சற்றே சுற்றி வரவேண்டும்.

சின்னத்தம்பி ராஜரத்தினம் 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தார். சில மாதக் குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சிரம்பான் பகுதியில், இரப்பர்த் தோட்டச் சூழலில் அவருடைய இளமை கழிந்தது. தந்தை தோட்ட நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர். சிரம்பானில் செயின்ட் பால் பள்ளி, கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம், சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்விக்கூடம் என அவர் பயின்ற பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலப் பள்ளிகளே. 1935இல் சட்டம் பயில இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். சட்டப் படிப்பை முடிக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் மூண்டது. மலாயா சப்பானியர் கையில் வீழ்ந்தது. வீட்டிலிருந்து பணம் வரும் வழி அடைபட்டது. எழுத்தே பிழைப்பாயிற்று. மலாயாக் கிராமங்களையும், பஞ்சத்திலும் வறட்சியிலும் வாடும் உழவர்களையும் பொருளாகக் கொண்ட சிறுகதைகளை அந்நாள்களில் எழுதினார். 'புலி' என்னும் பொருள்படும் தலைப்புடைய கதை, ஆற்றில் புலியை எதிர்ப்படும் கருவுற்ற மலாய்ப் பெண் ஒருத்தியைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர், இலண்டனில் இருந்துகொண்டு, மலாய்ப் பெண்ணின் அச்சத்தையும் இரக்கத்தையும் எழுதினார் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் அரசியலில் பேசிய கருத்து முதலில் கதையாகத்தான் அவரிடம் இருந்தது. இலண்டனில்தான் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த பிரோஸ்கா அம்மையாரை மணந்தார்.

ஒரு செய்தியை இங்கே இணைத்துப் பார்க்கலாம். ராஜரத்தினம் இலண்டனுக்குக் கப்பலேறிய அதே 1935இல்தான் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். ஒருவர் ஆங்கிலத்தில், மற்றவர் தமிழில். ஒருவர் தேசத்தைப் பற்றி, மற்றவர் சமூகத்தைப் பற்றி. ஆனால் 1950களில் இருவரும் சொன்னவற்றை அருகருகே வைத்தால் ஒற்றுமை புலப்படும். இம்மண்ணிலேயே வாழ முடிவு செய்துவிட்டு மனத்தை மட்டும் கப்பல்துறையில் நிறுத்தி வைக்காதீர்கள் என்பதே இருவர் கருத்தின் சாரம். தமிழர்கள் குடியுரிமை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சாரங்கபாணி ஊக்கமூட்டினார். குடிமகன் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கவேண்டும் என்று ராஜரத்தினம் எழுதிக்கொண்டிருந்தார். நம் பாடநூல்களில் இவ்விருவரையும் வெவ்வேறு இயலில் வைத்துப் படிப்பிக்கிறோம். ஒரே இயலில் வைத்தால் நன்றாக இருக்கும்.

போருக்குப் பின் திரும்பிய ராஜரத்தினம் இதழாளரானார். 'மலாயன் டிரிபியூன்', பின்னர் 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்டு', அதன்பின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' ஆகிய ஏடுகளில் பணியாற்றினார். 'ஸ்டாண்டர்டு' ஏட்டில் அவர் எழுதிய பத்தியின் தலைப்பு 'என் விருப்பப்படி எழுதுகிறேன்' என்று பொருள்படுவது. தலைப்பே அன்றைய குடியேற்ற ஆட்சியாளருக்கு ஓர் அறைகூவல். 1954இல் மக்கள் செயல் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரானார். 1957இல் மலாயா வானொலிக்காக, ஒரு நாடு உருவாவதைப் பற்றி ஆறு பகுதிகள் கொண்ட நாடகத் தொடரை எழுதினார். பல இனத்தவரும் பல மொழியினரும் ஒரே நாட்டினர் ஆக முடியுமா என்று பாத்திரங்கள் வாதிடும் தொடர் அது. ஐயப்படுபவருக்கும் அதில் நல்ல வாதங்களைக் கொடுத்திருக்கிறார். எதிர்க்கருத்தை வலுவாகச் சொல்லத் தெரிந்தவரே அதை வலுவாக மறுக்கவும் முடியும்; பட்டிமன்றம் பழகும் மாணவர்களுக்கு இது புதிதன்று.

1959இல் கம்போங் கிளாம் தொகுதியில் வென்று கலாசார அமைச்சரானார். 1988 வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். சுல்தான் பள்ளிவாசல் நிமிர்ந்து நிற்கும் வட்டாரம் தன் குரலாக யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரை ஏறத்தாழ முப்பதாண்டுகள் அனுப்பிக்கொண்டிருந்தது.

கலாசார அமைச்சு என்பது அன்று அலங்காரப் பதவி அன்று. தன்னாட்சி பெற்ற சிங்கப்பூருக்குத் தன்னைப் பற்றிய படிமமே இன்னும் அமையவில்லை. 1959இல் தாவரவியல் பூங்காவில் தொடங்கிய 'அனேகா ராகாம் ராக்யாட்' என்னும் மக்கள் கலைநிகழ்ச்சிகளில் மலாய், சீன, இந்திய ஆடல் பாடல்கள் ஒரே மேடையில் அரங்கேறின. அத்தலைப்பின் முதல் இரு சொற்களும் வடமொழி வழியாக மலாய்க்குச் சென்றவை. நம் செவிக்கும் அவை அந்நியமாக ஒலிப்பதில்லை. 1963 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரின் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தவரும் ராஜரத்தினமே. அவ்வாண்டின் இறுதிக்குள் இரண்டாவது ஒளிவழி வந்தது; சீன மொழியும் தமிழும் அதில் இடம்பெற்றன. தமிழ் பேசுவோர் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். ஆயினும் தொலைக்காட்சி பிறந்த ஆண்டிலேயே தமிழுக்கு அதில் நேரம் கிடைத்தது. தமிழ்மேல் தனிப்பற்றுக் கொண்டு அமைச்சர் அளித்த சலுகையாக இதை நாம் கருதவில்லை. நான்கு மொழிகளும் சம மதிப்புடையவை என்ற கொள்கையின் விளைவு அது. சலுகை, கொடுத்தவர் போனால் போய்விடும், கொள்கை நிற்கும். நம்மவர்கள் இந்த வேறுபாட்டை மறந்து, அமைச்சரவையில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பதுண்டு.

இனிப் பற்றுறுதிக்கு வருவோம்.

1964 சூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே இனக்கலவரங்கள் நிகழ்ந்தன. இரண்டிலுமாக 36 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தது. இந்த இரண்டு காயங்களும் ஆறாத வேளையில், பள்ளி மாணவர்கள் கொடியேற்றத்தின்போது சொல்வதற்கு ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் எண்ணினார். அதிகாரிகள் இருவர் தனித்தனியே வரைவுகள் எழுதினர். அவை ராஜரத்தினத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டன. அவர் அப்போது வெளியுறவு அமைச்சர். 1966 பிப்ரவரியில் தாமே ஒரு வரைவை எழுதித் திருப்பி அனுப்பினார். அதைப் பிரதமர் லீ குவான் இயூ செப்பனிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் முதன்முறையாகப் பள்ளிகளில் பற்றுறுதி ஒலித்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாணவர்கள் அன்று அதைச் சொன்னார்கள்.

ராஜரத்தினத்தின் வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மொழி ஆசிரியர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். அவர் வரைவில், குடிமக்கள் இனம், மொழி, சமயம் சார்ந்த வேறுபாடுகளை மறக்கவும், ஒன்றுபட்ட மக்களாக ஆகவும் உறுதி கூறுகிறார்கள். 'மறத்தல்', 'ஆதல்' என இரண்டு வினைகள். இறுதி ஆங்கில வடிவத்தில் இவ்விரண்டும் இல்லை. இனமோ மொழியோ சமயமோ எதுவாயினும், ஒன்றுபட்ட மக்களாக நாம் உறுதி கூறுகிறோம் என்று அது அமைந்தது. வேறுபாடுகளை எவரும் மறக்க வேண்டியதில்லை, பொருட்படுத்தாதிருந்தால் போதும். ஒன்றுபட வேண்டும் என்பதும் இனிச் செய்யவேண்டிய செயலாக இல்லை. ஒன்றுபட்டுவிட்டோம் என்ற நிலையிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. பிரதமரின் திருத்தம் சொல்லைச் சுருக்கியது, ஓசையைச் சீராக்கியது, கேட்பதையும் குறைத்தது. மறக்கச் சொல்வது பெரிய கோரிக்கை. பொருட்படுத்தாதே என்பது சிறிய கோரிக்கை. ஆட்சி நடத்துபவரின் நிதானம் அத்திருத்தத்தில் தெரிகிறது.

பிற மொழி வடிவங்களையும் பாருங்கள். மலாய் வடிவில் 'திடாக் கிரா' என்று வருகிறது. கிரா என்பது எண்ணுதல், கணக்கிடுதல். ஆகவே, கணக்கில் கொள்ளாமல் என்று பொருள். சீன வடிவில் 'பூ ஃபென்', அதாவது பிரிக்காமல், பாகுபடுத்தாமல். ஆங்கிலத்தில் பொருட்படுத்தாமை, மலாயில் கணக்கிடாமை, சீனத்தில் பிரிக்காமை. மூன்றும் எதிர்மறைகள். தமிழில் மட்டும் என்ன சொல்கிறோம்? 'வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு' என்கிறோம். மறத்தல் இருக்கிறது, ஒன்றுபடுதலும் வினையாகவே இருக்கிறது. ராஜரத்தினத்தின் வரைவிலிருந்து ஆங்கிலம் கைவிட்ட இரண்டு வினைகளும் தமிழில் நிற்கின்றன! தமிழில் எழுதாத அந்தத் தமிழரின் முதல் எண்ணம், அவர் எழுதிய மொழியில் மறைந்து, அவர் எழுதாத மொழியில் வாழ்கிறது.

இலக்கணம் கற்பிப்போர் இன்னும் ஓர் அடி முன்னே செல்லலாம். 'மறந்து', 'ஒன்றுபட்டு' ஆகிய இரண்டும் இறந்தகால வினையெச்சங்கள். முடிக்கும் வினையோ 'மேற்கொள்வோமாக'. வினையெச்சத்தின் செயல் முடிவினைக்கு முன்னரே நிறைவுற வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறோம். 'உண்டு வந்தான்' என்றால் உண்டது முதலில், வந்தது பின்னர். அவ்வாறாயின், தமிழில் பற்றுறுதி சொல்பவர் சமத்துவமும் நீதியும் உடைய சமுதாயத்தை உருவாக்க உறுதி கொள்வதற்கு முன்பே வேற்றுமைகளை மறந்திருக்க வேண்டும், ஒன்றுபட்டிருக்க வேண்டும். நான்கு மொழிகளில் மிகக் கடினமான நிபந்தனையை வைப்பது தமிழே. இதை உணர்ந்து சொல்கிறோமா, அல்லது வெயிலில் நின்றபடி வாய்ப்பாடாக ஒப்பிக்கிறோமா?

இங்கே ஒரு மாணவர் எழுந்து கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. நல்ல மாணவர் கேட்கத்தான் வேண்டும். "காலை அணிவகுப்பில் மொழி வேற்றுமையை மறக்கச் சொல்கிறீர்கள், அடுத்த பாடவேளையில் தாய்மொழி வகுப்புக்குப் போகச் சொல்கிறீர்கள். எதைக் கேட்பது?" இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கக்கூடாது. ஒதுக்கினால், தமிழ் வகுப்பு பற்றுறுதிக்கு எதிரானது என்ற எண்ணம் அம்மாணவர் மனத்தில் ஓசையின்றி வேர்விடும்.

இதற்கு ராஜரத்தினமே என்ன விடை சொல்லியிருப்பார் என்று பார்க்கையில், நமக்குச் சற்று இடர்ப்பாடு உண்டு. முன்னோர் வழிப் பெருமைகளை அவர் ஐயத்துடனேயே நோக்கினார். 1980களில் ஆற்றிய உரையொன்றில், விடுதலைக்குப் பின் ராஃபிள்சை நவீன சிங்கப்பூரின் தொடக்கமாக ஏற்றுக்கொண்டது திட்டமிட்ட முடிவு என்று விளக்கினார். அதற்கும் பின்னோக்கிச் சென்றால் ஒவ்வோர் இனமும் தன் மூதாதையர் நாட்டுப் பெருமையை நோக்கி இழுக்கும், மோதல் மூளும் என்பது அவர் அச்சம். அரசாங்கமே ஆசிய விழுமியங்களையும் இன மரபுகளையும் வலியுறுத்தத் தொடங்கிய காலத்தில், தம் தோழர்களோடு மாறுபட்டு நின்றார். சிங்கப்பூரர் ஆவது பரம்பரையால் அன்று, நம்பிக்கையாலும் தெரிவாலும் என்று பதவியை விட்ட பின்னரும் கூறிவந்தார். 36 பிணங்களைக் கண்ட தலைமுறையின் அச்சம் அது. அதை எள்ளுதல் தகாது.

ஆயினும் நாம் அவரோடு ஒரு புள்ளியில் மாறுபடுகிறோம். பற்றுறுதி மறக்கச் சொல்வது மொழியை அன்று, வேற்றுமையை. செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரே குறளில் மறக்கக்கூடாத ஒன்றையும் உடனே மறக்கவேண்டிய ஒன்றையும் அருகருகே வைத்தார். தமிழில் மறத்தல் எப்போதும் இழத்தல் ஆகாது. தெரிந்தே விலக்கி வைப்பதும் மறத்தலே. மேலும், அறியாத ஒன்றை எவரும் மறக்க முடியாது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகமாகப் பேசியோர் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 விழுக்காடு. தமிழை அறியாமல் வளரும் பிள்ளை மொழி வேற்றுமையை மறந்த பிள்ளை ஆகாது. அது தெரிவு செய்வதற்கு எதுவும் கையில் இல்லாத பிள்ளை. தெரிவே குடிமையின் அடிப்படை என்று சொன்னவரின் அளவுகோலைக் கொண்டே இதைச் சொல்கிறோம்.

வெளியுறவு அமைச்சராக அவர் ஆற்றிய பணியைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறோம். அதற்கு நூல்கள் பல உள. 1965 செப்டம்பர் 21இல் சிங்கப்பூர் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 117ஆவது உறுப்பு நாடானபோது, அவர் அங்குச் சென்று உரையாற்றினார். படையும் இல்லை, வளமும் இல்லை. சொல் ஒன்றே அன்று இந்நாட்டின் கருவி. 1967 ஆகஸ்டு 8இல் பேங்காக்கில் இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பீன்சின் நார்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தானட் கோமன் ஆகியோருடன் கையெழுத்திட்டு ஆசியானை நிறுவினார். ஓராண்டுக்கு முன்புவரை இந்தோனேசியா நம்மோடு மோதல் கொள்கை நடத்திய நாடு. அதன் அமைச்சரோடு ஒரே மேசையில் அமர்ந்ததை நினைத்தால், மறத்தல் என்பதை அவர் நாட்டுக்குள் மட்டும் போதிக்கவில்லை என்பது விளங்கும். 1972 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் பத்திரிகையாளர் மன்றத்தில், சிங்கப்பூர் உலகையே பின்னிலமாகக் கொண்ட உலக நகரமாகும் என்று பேசினார். கப்பலும் வானூர்தியும் தொலைத்தொடர்பும் நகரங்களை இணைக்கும் விதத்தை முன்னறிந்து சொன்ன அவ்வுரையை உயர்நிலை மாணவர்கள் படித்துத் தமிழில் சுருக்கி எழுதிப் பார்க்கலாம். 1980இல் துணைப் பிரதமராகவும், 1985இல் மூத்த அமைச்சராகவும் ஆகி, 1988இல் அரசியலிலிருந்து விலகினார்.

புகழுரை மட்டும் சொல்லி அமைவது ஆசிரியர் அவைக்கு அழகன்று. 1968 முதல் 1971 வரை தொழிலாளர் அமைச்சர் பொறுப்பையும் அவர் வகித்தார். தொழிற்சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைக் குறுக்கிய வேலை நியமனச் சட்டமும் தொழிலுறவுச் சட்டத் திருத்தமும் 1968இல்தான் நிறைவேறின. பிரிட்டிஷ் படைகள் வெளியேறவிருந்த நெருக்கடியில் முதலீட்டை ஈர்க்க அவை தேவை என்பது அரசின் வாதம். தோட்டத்துத் தொழிலாளரைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது எளிதாக இருந்திருக்காது என்று நாம் எண்ண விரும்பலாம். ஆனால் அவர் அதில் தயங்கி நிற்கவில்லை. அவ்வாறே, 'என் விருப்பப்படி எழுதுகிறேன்' என்று பத்தி எழுதியவர், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டத்தையும் செய்தித்தாள்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் கையாண்ட அமைச்சரவையில் உறுப்பினராக இருந்தார். இந்த முரணை விளக்கும் வாதங்கள் உள்ளன. அவை எல்லாருக்கும் மனநிறைவு அளிப்பவை அல்ல. மாணவர்கள் இரு தரப்பையும் படிக்கட்டும்.

1989இல் பிரோஸ்கா அம்மையார் மறைந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. பிற்காலத்தில் ராஜரத்தினத்தை நினைவிழப்பு நோய் பற்றியது. 2006 பிப்ரவரி 22ஆம் நாள், 91ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கையில், அவர் காலமானார். நாடு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது.

நிறைவாக, ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பற்றுறுதியின் நான்கு மொழி வடிவங்களையும் ஒருநாள் வகுப்பின் வெண்பலகையில் எழுதுங்கள். மலாய் தெரிந்த மாணவரைக் கொண்டு 'கிரா' என்பதற்கும், சீனம் பயிலும் நண்பரை அழைத்து 'ஃபென்' என்பதற்கும் பொருள் சொல்லச் செய்யுங்கள். பின்னர், தமிழில் 'மறந்து' என்பதற்குப் பதிலாக வேறு எந்த வினையெச்சத்தை இடலாம், இட்டால் பொருள் எவ்வாறு மாறும் என்று கேளுங்கள். 'பாராமல்', 'கடந்து', 'பொறுத்து', 'மதித்து' என மாணவர்கள் பலவற்றைச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் காரணம் காட்டட்டும். ஒரு பாடவேளை போதாமல் போனால், அடுத்த வாரமும் தொடருங்கள்.